ஒரே பிரிண்டர், மூன்று செக்‌ஷன்: டிஸ்பாட்ச் ஜாப் முதலில் வர என்ன செய்யணும்?

பனியன்_நெட்

திருப்பூரில் ஏற்றுமதி அலுவலகம், 35 சிஸ்டம். விண்டோஸ் சர்வர் 2019, டொமைன் (யூசர், குரூப்பையெல்லாம் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) இருக்கு. நிமிஷத்துக்கு 40 பக்கம் போடும் ஏ3 கருப்பு-வெள்ளை மல்டிஃபங்ஷன் ஒன்று, கலர் லேசர் ஒன்று.

சாயங்காலம் லாரி வாசலில் நிற்கும்போது டிஸ்பாட்சுக்கு இன்வாய்ஸ் மூன்று காப்பி, பேக்கிங் லிஸ்ட், இ-வே பில் எல்லாம் உடனே வேணும். அதே நேரம் பார்த்து அக்கவுண்ட்ஸில் 200 பக்க லெட்ஜரைத் தட்டிவிடுகிறார்கள். சர்வரில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ் போய் பிரையாரிட்டியை 99 ஆக்கியாச்சு, ஒரு மாற்றமும் இல்லை. எங்கே தப்பு? கலர் பிரிண்டரை மெர்ச்சண்டைசிங் ஆட்களுக்கு மட்டும் கொடுக்கவும் வழி சொல்லுங்க.

க்யூ_காவலர்

அந்த 99 பிரிண்டருக்கான எண் கிடையாது, க்யூவுக்கான (சர்வரில் ஜாப் காத்து நிற்கும் வரிசை) எண். உங்களிடம் இருப்பது ஒரே க்யூ. அதில் வரும் எல்லா ஜாபும் 99 என்றால் யாரும் யாரையும் முந்த முடியாது. ஒரே மெஷினுக்கு சர்வரில் இரண்டு க்யூ வேணும். இரண்டும் ஒரே போர்ட்டில், அதாவது மெஷினுக்குப் போகும் ஒரே வழியில், இருக்கணும்.

முதலில், ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுக்கும் டிஹெச்சிபியில் மெஷினின் ஐபியை மாறாதபடி ரிசர்வ் பண்ணுங்க. பிறகு பிரிண்ட் மேனேஜ்மென்ட்டில் அந்த ஐபிக்கு ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட் ஒன்று. விண்டோஸ் மெஷினைத் தானே கண்டுபிடித்துப் போட்டுக்கொள்ளும் டபிள்யூஎஸ்டி போர்ட்டை நம்பாதீங்க. இப்போதுள்ள க்யூவுக்கு 'பொது' என்று பெயர் மாற்றி, இந்தப் போர்ட்டுக்கு மாற்றி, பிரையாரிட்டியை 1 ஆக்குங்க. அடுத்து ஆட் பிரிண்டர் மறுபடி ஓட்டி, ஏற்கெனவே உள்ள போர்ட், ஏற்கெனவே உள்ள டிரைவர் என்று தேர்ந்தெடுத்து 'டிஸ்பாட்ச்' என்று இன்னொன்று போடுங்க. அதற்கு 50 போதும். நேராக 99 கொடுத்துவிட்டால் நாளைக்கு இதைவிட அவசரமாக ஒன்று வரும்போது மேலே இடம் இருக்காது.

இனி முக்கியமான வேலை, செக்யூரிட்டி டேப். புது க்யூவில் எவ்ரிஒன் என்ற பெயருக்கு பிரிண்ட் அனுமதி தானாகவே இருக்கும். அதை எடுக்காவிட்டால் ஒரே வாரத்தில் அலுவலகம் முழுக்க 'டிஸ்பாட்ச்' க்யூவில்தான் நிற்கும். எவ்ரிஒன்னை ரிமூவ் பண்ணிவிட்டு, டிஸ்பாட்ச் குரூப்பைச் சேர்த்து பிரிண்ட் மட்டும் டிக் பண்ணுங்க. எவ்ரிஒன்னுக்கு டினை (மறுப்பு) போட்டுவிடாதீங்க. டினை எல்லா அலௌவையும் (அனுமதி) அடித்துவிடும், டிஸ்பாட்ச் ஆட்களும் நீங்களும் சேர்ந்து வெளியே போயிடுவீங்க. கிரியேட்டர் ஓனர் என்ற வரியை அப்படியே விடுங்க. தான் கொடுத்த ஜாபைத் தானே கேன்சல் பண்ண அதுதான் வழி.

கலர் பிரிண்டருக்கும் இதே வைத்தியம்: எவ்ரிஒன் வெளியே, மெர்ச்சண்டைசிங் குரூப் உள்ளே.

ஒன்று தெரிஞ்சுக்குங்க, ஓடிக்கொண்டிருக்கும் ஜாபை எந்தப் பிரையாரிட்டியும் நிறுத்தாது. 200 பக்கம் ஆரம்பிச்சாச்சுன்னா உங்கள் மெஷின் வேகத்துக்கு 5 நிமிஷம் காத்திருந்துதான் ஆகணும். வரிசையில் அடுத்தது யார் என்பதை மட்டும்தான் இது தீர்மானிக்கும்.

ரேக்_நம்பர்_7

மேலே சொன்னது சரி. அதோடு அட்வான்ஸ்டு டேபில் இரண்டு க்யூவுக்கும் 'கடைசிப் பக்கம் ஸ்பூல் ஆன பிறகு பிரிண்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்க. ஸ்பூல் என்றால் அச்சடிக்கும் முன் ஜாபைச் சேமித்து வைப்பது. 'உடனே பிரிண்ட்' என்று இருந்தால், லெட்ஜர் முதல் பக்கம் ஸ்பூல் ஆனதுமே போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும். மீதிப் பக்கங்களை அந்த சாஃப்ட்வேர் மெதுவாக அனுப்பிக்கொண்டிருக்க, மெஷின் சும்மா நிற்கும், பின்னால் இன்வாய்ஸும் நிற்கும்.

ஆனால் இதையெல்லாம் செய்தும் நீங்கள் ஏமாறப்போகும் இடம் ஒன்று இருக்கு. ஹார்ட் டிஸ்க் உள்ள மல்டிஃபங்ஷன் ஜாபை அச்சடித்து முடித்த பிறகு அடுத்ததை வாங்குவதில்லை. 200 பக்கத்தைச் சில வினாடிகளில் தன் டிஸ்க்கில் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்ததையும் கேட்கும். விண்டோஸைப் பொறுத்தவரை ஜாப் முடிஞ்சுபோச்சு. அக்கவுண்ட்ஸில் வரிசையாக ஆறு ரிப்போர்ட் கொடுத்திருந்தால் ஆறும் மெஷினுக்குள் போய் உட்கார்ந்திருக்கும், உங்கள் 50 வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான். சர்வரில் க்யூ காலியாக இருக்கு, மெஷின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்குன்னா இதுதான் காரணம்.

வழி இரண்டு. மெஷினின் வெப் பேஜில் ஜாபை ஸ்பூல் பண்ணும் அமைப்பை அணைக்க இடம் இருக்கா பாருங்க. இல்லைன்னா பேனலில் ஜாப் ஸ்டேட்டஸ் திரை. பல மாடல்களில் காத்திருக்கும் ஜாபை அங்கிருந்தே முன்னுக்குத் தள்ளலாம். அந்த அதிகாரத்தை டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் ஒருவருக்குக் கொடுத்தால் போதும்.

பனியன்_நெட்

இரண்டு க்யூவும் போட்டாச்சு, டிஸ்பாட்ச் ஜாப் முந்துகிறது. நன்றி. ஆனால் மூன்று சிக்கல். குரூப்பில் சேர்த்த பையனுக்கு இன்னும் 'அனுமதி இல்லை' என்று வருது. கலர் பிரிண்டரில் அனுமதியே இல்லாத ஆட்களும் பிரிண்ட் எடுக்கிறார்கள். சில சிஸ்டத்தில் புது க்யூவைச் சேர்க்கப் போனால் அட்மின் பாஸ்வேர்ட் கேட்குது.

க்யூ_காவலர்

முதலாவது: லாக் ஆஃப் பண்ணி மறுபடி லாகின் பண்ணச் சொல்லுங்க. எந்தெந்த குரூப்பில் இருக்கிறோம் என்பது லாகின் நேரத்தில்தான் பதிவாகும்.

மூன்றாவது: 2021 ஆகஸ்ட் அப்டேட்டுக்குப் பிறகு பிரிண்டர் டிரைவர் போட அட்மின் அனுமதி கட்டாயம். அந்த வருஷம் விண்டோஸின் பிரிண்ட் சர்வீஸில் தெரியவந்த பிரிண்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டைதான் காரணம். ரெஜிஸ்ட்ரியில் அதைப் பழையபடி தளர்த்தச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கு, அந்தப் பக்கம் போகாதீங்க. சர்வரில் இருக்கும் அதே வெர்ஷன் டிரைவரை அந்த சிஸ்டங்களில் அட்மினாக ஒருமுறை போட்டுவிட்டால் அப்புறம் கேட்காது.

போர்ட்_9100

இரண்டாவதுக்கு நான். அவர்கள் சர்வர் வழியாக வரவே இல்லை. எப்போதோ யாரோ மெஷினின் ஐபியைத் தட்டி நேரடியாகச் சேர்த்து வைத்திருப்பார்கள். சர்வரில் போட்ட பெர்மிஷன், பிரையாரிட்டி எதுவும் அந்த வழியில் வராது. ஒவ்வொரு சிஸ்டமாகப் போய் அழிக்கிறதும் வீண். மறுநாளே திரும்பச் சேர்த்துவிடுவார்கள். பூட்டு மெஷினில்தான் போடணும்.

மெஷினின் வெப் பேஜில் ஐபி ஃபில்டர் அல்லது ஆக்சஸ் கன்ட்ரோல் என்று இருக்கும். சர்வரின் ஐபி, உங்கள் சிஸ்டத்தின் ஐபி இரண்டையும் முதலில் சேர்த்துவிட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க. உங்கள் ஐபியை விட்டுவிட்டால் அந்த வெப் பேஜே உங்களுக்குத் திறக்காது, பேனலில் போய் ரீசெட் பண்ண வேண்டிவரும். சர்வர் பயன்படுத்துவது பெரும்பாலும் மெஷினின் 9100 என்ற நெட்வொர்க் போர்ட் எண். 515 எல்பிஆர், 631 ஐபிபி என்ற வேறு பிரிண்ட் முறைகளுக்கு. தேவை இல்லைன்னா டபிள்யூஎஸ்டி, ஏர்பிரிண்ட்டோடு சேர்த்து அணைச்சிடுங்க. வெப் பேஜின் அட்மின் பாஸ்வேர்ட் இன்னும் கம்பெனியிலிருந்து வந்ததாகவே இருந்தால் இவ்வளவும் வேஸ்ட், அதை முதலில் மாத்துங்க.

ஸ்கேன் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஃபோல்டருக்கு அனுப்பும் ஸ்கேன் மெஷினிலிருந்து வெளியே போவது, பொதுவாக ஃபில்டரில் மாட்டாது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஸ்கேனரை இழுக்கும் ஆட்களுக்குத்தான் நின்றுபோகும்.

இதையெல்லாம் செய்யும்போது எஸ்என்எம்பியை (சர்வர் மெஷினின் நிலையைக் கேட்டறியும் முறை) அணைத்தாலோ அதன் கம்யூனிட்டி பெயரை (அதற்கான பாஸ்வேர்ட் மாதிரி) மாற்றினாலோ, சர்வரில் பிரிண்டர் திடீரென 'ஆஃப்லைன்' காட்டும். மெஷின் நல்லாத்தான் இருக்கும். போர்ட் கான்ஃபிகரேஷனில் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் டிக்கை எடுங்க, அல்லது அங்கேயும் அதே பெயரைக் கொடுங்க.

ரேக்_நம்பர்_7

லெட்ஜருக்கு மூன்றாவது க்யூ ஒன்று போடலாம்: அட்வான்ஸ்டு டேபில் 'அவைலபிள் ஃப்ரம்' இரவு 8 முதல் காலை 8 வரை. பகலில் கொடுத்தாலும் சர்வரில் காத்திருந்து இரவில் ஓடும். 200 பக்கத்துக்கு ட்ரேயில் பேப்பர் வைத்துவிட்டுப் போகணும். நடுவில் தீர்ந்தால் காலையில் மிச்சம் ஓடும், அப்போது டிஸ்பாட்ச் பின்னால் நிற்கும்.

சின்ன_ஆபீஸ்

எங்களிடம் சர்வரே இல்லை. விண்டோஸ் 11 ப்ரோ சிஸ்டம் ஒன்றில் ஷேர் பண்ணி இதையே செய்யலாமா?

க்யூ_காவலர்

இரண்டு க்யூ, பிரையாரிட்டி, செக்யூரிட்டி எல்லாம் அதிலும் உண்டு. ஆனால் ஒரே நேரத்தில் 20 கனெக்‌ஷன்தான், 21வது ஆளுக்குக் கிடைக்காது. டொமைன் இல்லாததால் அந்த சிஸ்டத்திலேயே ஒவ்வொருவருக்கும் யூசர் உருவாக்கணும். ஸ்லீப் மோடையும் அணைச்சு வைங்க.

லினக்ஸில் கப்ஸ் (அங்கே பிரிண்டை நிர்வகிக்கும் சாஃப்ட்வேர்) போடலாம் என்று யாராவது சொல்வார்கள். யார் பிரிண்ட் எடுக்கலாம் என்ற கட்டுப்பாடு அதிலும் நன்றாகவே இருக்கு. ஆனால் இந்த இரண்டு க்யூ வித்தை அங்கே எடுபடாது. கப்ஸ் ஒவ்வொரு க்யூவையும் தனித்தனியாக ஓட்டும், மெஷினை யார் முதலில் பிடிக்கிறார்களோ அவர்களுக்கே. அங்கே பிரையாரிட்டி ஜாபுக்குத்தான்: 1 முதல் 100 வரை, சொல்லாவிட்டால் 50. ஒரே க்யூ வைத்து, டிஸ்பாட்ச் ஜாபை 50-க்கு மேல் அனுப்பணும்.