இடிபடும் தியேட்டர், முகப்பில் ஒரு சிற்பம்: காப்பாற்றத்தான் வேண்டுமா?

பாளைக்காரன்:
திருநெல்வேலி டவுன் பக்கம் ஒரு பழைய தியேட்டரை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். முகப்பில் பெரிய சிமெண்ட் சிற்பம் உண்டு: வீணை வாசிக்கும் பெண், பக்கத்தில் மான், மேலே மேகக்கூட்டம். அறுபதுகளில் செய்தது. தேக்கு நிலை, இரும்புக் கம்பி, பழைய நாற்காலி எல்லாவற்றுக்கும் விலை பேசியாயிற்று. சிற்பத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. இடிபாட்டோடு லாரியில் ஏறிவிடும். இது நியாயமா?

கணக்கன்:
நியாயம்தான். தியேட்டர் காற்று வாங்கியபோது நம்மில் எத்தனை பேர் டிக்கெட் எடுத்தோம்? இடம் அவருடையது, வரி கட்டியவரும் அவர். நெல்லையப்பர் கோயிலையா இடிக்கிறார்கள்? காலண்டர் படத்தைப் பார்த்து ஒரு கொத்தனார் செய்த பொம்மை அண்ணாச்சி அது.

சுதைவேலை:
கொத்தனார் செய்தால் பொம்மை, காலேஜில் படித்தவர் செய்தால் கலையா? என் தாத்தா கோபுரச் சுதை செய்தவர், அப்புறம் சிமெண்டுக்கு மாறினார். கம்பி கட்டி, வலை சுற்றி, பூச்சு இறுகுவதற்குள் கரண்டியாலேயே முகத்தைக் கொண்டுவர வேண்டும். அச்சு கிடையாது. அதனால் இன்னொன்று எடுக்கவும் முடியாது.

லண்டன்_நெல்லையான்:
இங்கேயும் இதே சண்டைதான். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பள்ளிக்கூடம், கடைத்தெரு, சுரங்கப்பாதை என்று எல்லா இடத்திலும் கலை வைத்தார்கள். கட்டடம் போனால் அதுவும் போகிறது. வேல்ஸில் நியூபோர்ட் ஊரில் தொழிலாளர்கள் வாக்குரிமை கேட்டு நடத்திய 1839 சாசன இயக்கக் கிளர்ச்சியைக் காட்டும் மொசைக் சுவர் இருந்தது. கென்னத் பட் 1978-ல் செய்தது, சுமார் 2 லட்சம் துண்டுகள், 35 மீட்டர் நீளம். வணிக வளாகத்துக்காக 2013-ல் உடைத்துவிட்டார்கள். ஆனால் லண்டனில் ஒரு தொலைபேசி நிலையச் சுவரில் டோரதி ஆனன் 1960-ல் செய்த 9 பீங்கான் சித்திரங்கள் தப்பின. 2011-ல் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்ததால், கழற்றி அங்கேயே பார்பிக்கன் என்ற குடியிருப்பு, கலை வளாகத்தில் வைத்தார்கள்.

கணக்கன்:
அங்கே பட்டியல் இருக்கிறது. இங்கே பழைய சின்னங்களைக் காக்கும் 1958-ம் வருஷத்து மத்தியச் சட்டத்துக்கு 100 வயது ஆக வேண்டும். உங்கள் வீணைப் பெண் 2060-க்கு மேல் மனு போடட்டும்.

பாளைக்காரன்:
டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-ல் அரசே பிய்த்து எடுத்தது. சிற்பி வழக்குப் போட்டார். 2005-ல் டெல்லி உயர்நீதிமன்றம் மிச்சத்தை அவரிடமே கொடுக்கச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. பொருள் அரசுடையது, ஆனாலும் படைத்தவனுக்கு உரிமை உண்டு என்றார்கள்.

கணக்கன்:
அடுத்த தீர்ப்பையும் சொல்லுங்கள். டெல்லி பிரகதி மைதானத்தில் 1972-ல் கட்டிய ஹால் ஆஃப் நேஷன்ஸ் கண்காட்சி அரங்கம் 2017-ல் தரைமட்டம். கட்டடக்கலைஞர் ராஜ் ரேவால் அதே நீதிமன்றத்துக்குப் போனார். உரிமையாளர் முழுதாக இடித்தால் தடுக்க முடியாது என்று 2019-ல் சொல்லிவிட்டார்கள். சேகலுக்காவது வழக்குப் போட ஆள் இருந்தது. உங்கள் கொத்தனார் பெயராவது யாருக்காவது தெரியுமா?

சுதைவேலை:
பெயர் எழுதி வைக்கும் வழக்கம் இருந்தால்தானே தெரியும்? கட்டியவர் பெயரைக் கல்வெட்டில் போட்டார்கள், செய்தவனுக்குக் கூலி கொடுத்தார்கள், அவ்வளவுதான். சரி, வேலைக்கு வருவோம். பின்னால் இருப்பது செங்கல் சுவர். கட்டரால் பாளம் பாளமாக அறுத்து இறக்கலாம். மேகம் உதிரும், பெண்ணும் வீணையும் நிற்கும். கட்டையால் முட்டுக் கொடுக்காமல் அறுத்தால் கீழே இருப்பவன் தலை போகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கணக்கன்:
இறக்கி? பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்து வாசலில் போட்டுவிட்டு வருவீர்களா? கிரேன் வாடகை யார் தருவது? நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள், போதும்.

பாளைக்காரன்:
ஓனரிடம் பேசிவிட்டேன். "தூக்கிட்டுப் போங்க, சனிக்கிழமைக்குள்" என்றார். கிரேனுக்கு ஆள் விசாரிக்கிறேன். வாடகையில் பங்கு போடுகிறவர்கள் தனிமடலில் வாருங்கள்.

கணக்கன்:
என் கணக்கில் எழுதாதீர்கள். அந்த மானுக்குக் கழுத்து ஒட்டகம் மாதிரி இருக்கும், சின்ன வயசிலேயே பார்த்திருக்கிறேன்.