தோலைப் பார்த்தா தெரியாதா சார்?

பேரணாம்பட்டு பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். எட்டாம் வகுப்பில் 40 பேர். வாய் திறப்பது என்னவோ அதே ஐந்தாறு பேர்தான். நமக்கும் பாடம் ஓடினால் போதும் என்று இருந்துவிடுகிறது.

கடைசிக்கு முந்தைய பெஞ்சில் ஒரு பையன். ஜூனிலிருந்து தீபாவளி வரை "உள்ளேன் ஐயா" தவிர அவன் குரலையே கேட்டதில்லை. ஒருநாள் சட்டென்று பேர் சொல்லி எழுப்பினேன். பெஞ்சு விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டே நின்றான். பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்புறம் இரண்டு வாரம், நான் அந்தப் பக்கம் திரும்பினாலே குனிந்துகொள்வான். தப்பு என்னுடையதுதான்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றி பி.எட். பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சுமார் 1 நொடிதான் பொறுக்கிறார்கள், 3 நொடி பொறுத்தால் பேசாத பிள்ளைகளும் பேசுவார்கள் என்று 1970களிலேயே சொன்னவர். எழுதி மார்க் வாங்கியதோடு சரி. 40 பேர் முன்னால் சும்மா 3 நொடி நின்று பாருங்கள், தெரியும். இப்போது மனசுக்குள் எண்ணுகிறேன். அதற்கு முன், பக்கத்தில் இருப்பவனிடம் 2 நிமிடம் பேசச் சொல்கிறேன்.

அன்றைக்கு வேலூர்ப் புரட்சி. 1806 ஜூலை 10. புதுத் தலைப்பாகையில் தோல் சின்னம், எந்த விலங்கின் தோலோ என்று சிப்பாய்களுக்குச் சந்தேகம். "நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றேன். குசுகுசுப்பு அடங்கியதும் எண்ண ஆரம்பித்தேன். "சார், இவன் ஏதோ சொல்றான்" என்றான் பக்கத்துப் பையன்.

"தோலைப் பார்த்தா தெரியாதா சார்?"

அவன் அப்பா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், வேலை செய்கிறார். ஆட்டுத் தோலில் மயிர்க்குழி ஒரு மாதிரி வரிசை, மாட்டுத் தோலில் வேறு மாதிரி. மேல்பக்கத்தைத் தேய்த்துவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம். கரும்பலகையில் புள்ளி வைத்தே காட்டினான். "அப்போ தேய்ச்சுக் கொடுத்திருப்பாங்களா?" என்று முன் பெஞ்சு கேட்டது. என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் தினத்தாளில் சுற்றி இரண்டு துண்டுத் தோல் வந்தது. "எது ஆடு, சொல்லுங்க சார்." நான் தப்பாகச் சொன்னேன். வகுப்பே சிரித்தது, அவனும்தான்.

பதில், குடியாத்தத்திலிருந்து:

சார், என் வகுப்பில் ஒரு பெண். வீட்டில் தெலுங்கு. ஒருமுறை 'ழ' சரியாக வரவில்லை என்று பசங்க கிண்டல் பண்ணியதில் வாயை மூடியவள்தான். தெலுங்கில் தோழியிடம் சொல், அவள் தமிழில் சொல்லட்டும் என்று விட்டேன். ஹெச்.எம்.முக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இரண்டு மாதம் இப்படியே ஓடியது. போன வாரம் தோழி பாதி சொல்லும்போதே இவள் எழுந்துவிட்டாள்: "டீச்சர், நான் அப்படிச் சொல்லல."