கொழும்புக் கடையில் போன என் பதினைந்து வயதைப் பாட்டாக்க வரவில்லை, என்ன செய்யலாம்?

மஸ்கெலியா மழை:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 27 வயது, இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். சாதாரண தரப் பரீட்சை எழுதாமலே 15 வயதில் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடைக்கு வேலைக்குப் போனவன். அப்பாவின் குடிதான் காரணம், அது எங்கள் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்கத் தெரிந்த கதை. பகல் முழுக்க பருப்பும் வெங்காயமும் நிறுத்துப் போட வேண்டும், மூட்டை தூக்குகிற நாட்டாமி வராத நாளில் மூட்டையும் நானேதான் தூக்க வேண்டும், ராத்திரி கடைக்கு மேலே இருந்த பலகைத் தட்டில் செத்தல் மிளகாய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுக்கை, தும்மித் தும்மியே விடிந்துவிடும். நாலு வருஷம் அப்படி இருந்தேன். இப்போது ஊரில் ஆட்டோ ஓட்டிக்கொண்டு பாட்டு எழுதுகிறேன், கூட்டாளி ஒருவன் கிட்டார் வாசிக்கிறான்.

பிரச்சினை என்னவென்றால், அந்தக் காலத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இப்படித்தான் வருகிறது:

தேயிலைச் செடியின் கீழே எங்கள் கண்ணீர்
தேநீர்க் கோப்பையில் உலகத்தின் புன்னகை

கூட்டாளி கேட்டுவிட்டு, "மே தினக் கூட்டத்துக்கு எழுதினாயா?" என்றான். கோபம் வந்தது, ஆனால் அவன் சொன்னது சரி. அம்மா வேறு, "நம்ம வீட்டு மானத்த ரேடியோவுல விக்கப் போறியா?" என்கிறார். எங்கே பிழைக்கிறது என்று சொல்லுங்கள்.

ஹட்டன் டீச்சர்:
தம்பி, நல்ல பாட்டைக் கேள்விக்குள் வைத்துவிட்டுக் கெட்ட பாட்டை எடுத்துக் காட்டியிருக்கிறீர்கள். மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் தும்மியே விடிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை ஏன் பாட்டில் வைக்கவில்லை? கண்ணீர், கோப்பை எல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள், மலையையே பார்க்காதவர்கள் கூட எழுதுவார்கள். அந்தத் தும்மல் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

சி.வி. வேலுப்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். 1947 இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர், தொழிற்சங்கக்காரர், மேடைப் பேச்சுக்குக் குறைவில்லாதவர். அவரே லயங்களில் பாடிய பாட்டுகளைத் தேடித் தேடித் தொகுத்தார். அந்த வாய்மொழிப் பாட்டுகளில் "நாங்கள் ஒடுக்கப்பட்டோம்" என்ற பேச்சே அபூர்வம். கங்காணி வருவார், கோப்பிக் கன்று வரும், ஏதோ ஒரு மலையின் பெயர் வரும், அண்ணனோ தங்கச்சியோ வருவார்கள், அவ்வளவுதான். கேட்கிறவனுக்கு மீதி விளங்கிவிடும்.

அப்புறம், வீட்டில் பேசுகிற பேச்சிலேயே எழுதுங்கள். காம்பரா (அறை), பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கூடுவது), அரைப்பேர் (அரைநாள் சம்பளம்), இஸ்தோப்பு (திண்ணை) எல்லாம் இருக்க, புன்னகை எதற்கு?

பதுளைத் தப்பு:
டீச்சர் சொல்வதில் முக்கால்வாசி சரி. ஆனால் மேடைப் பாட்டை இப்படித் தள்ளிவிடாதீர்கள். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார், வாசிக்கத் தெரியாத சனத்துக்கு உரிமை என்ற சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தப் பாட்டும்தான். அந்தப் பாட்டுக்கு ஒரு வேலை இருந்தது. தம்பியின் இரண்டு வரிக்கு வேலை இல்லை, அதுதான் குறை.

நான் சொல்ல வந்தது மெட்டைப் பற்றி. கிட்டாரில் மெதுவாகச் சோகமாக ஆரம்பித்தால் வரிகளும் சோகமாகத்தான் போகும். நம்முடைய தப்பு மேளத்தைப் பாருங்கள். முன்பு விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிட்டதும் தப்பு, மாசியில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்கும் தப்பு, சாவு வீட்டுக்கும் தப்பு. தோல் ஒன்று, அடி வேறு வேறு. எங்கள் தோட்டத்தில் மன்மதன் எரிந்தபின் ரதி புலம்பும்போது கிழவிகள் உண்மையாகவே அழுவார்கள், பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் அதே அடிக்கு ஆடிக்கொண்டிருப்பார்கள். உங்கள் கடைக் கதைக்கு ஆட்டத்து அடியைப் போட்டு, மேலே அந்தத் தும்மலைப் பாடிப் பாருங்கள். ஒன்று மட்டும், கம்ப்யூட்டரில் கிடைக்கிற பறைச் சத்தத்தை எடுத்து ஒட்டாதீர்கள். அடிக்கிற ஆளைக் கூப்பிட்டு, காசு கொடுத்து, உட்கார்ந்து பதிவு செய்யுங்கள்.

நோர்வூட் நிலா:
அம்மா விஷயத்தை யாரும் தொடவில்லையே. அப்பாவின் குடி உங்கள் கதை மட்டும் இல்லை, அம்மாவின் கதையும்தான். அவருக்குத் தெரியாமல் யூடியூபில் போட்டுவிட்டு அப்புறம் மன்னிப்புக் கேட்காதீர்கள், அந்த லயத்தில் அடுத்த நாளும் அவர்தான் தண்ணீர் பிடிக்கப் பொதுப் பீலிக்குப் போக வேண்டும். முதலில் அவருக்குப் பாடிக் காட்டுங்கள். வேண்டாம் என்கிற வரியை எடுத்துவிடுங்கள், பாட்டு செத்துப்போகாது.

சினிமா மெட்டில் எழுதிப் பழகியிருந்தால் அதை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், வெளியிட்டால் மெட்டு அவர்களுடையது. உங்கள் சொந்தப் பாட்டுக்கோ பதிவு எதுவும் தேவையில்லை, 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவுடனேயே உரிமை உங்களுடையதுதான். எழுதிய தேதி தெரிகிற மாதிரி ஒரு பிரதி வைத்துக்கொண்டால் போதும்.

மஸ்கெலியா மழை:
எல்லாருக்கும் நன்றி. பத்து நாளாக இந்தப் பக்கம் வரவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன். அப்பாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை, யோசித்து எடுத்ததில்லை, தானாகவே வரவில்லை. இவ்வளவுதான் இருக்கிறது:

மொளகா மூட்ட தலமாட்டு
மேல போத்த சாக்கு
தும்மித் தும்மி விடியுதம்மா
தூங்க எங்க போக்கு?

அரைப்பேரு வாங்குன அம்மாவும்
முழுப்பேருன்னா போனுல
அடி வாங்குன நானுந்தான்
சிரிச்சு வச்சேன் போனுல

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இஸ்தோப்பில் உட்கார்ந்து அம்மாவுக்குப் பாடினேன். முதல் கண்ணிக்குச் சிரித்தார். இரண்டாவதில், கொழுந்து குறைந்து அரைப்பேர் போட்டது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார், பக்கத்து வீட்டு அத்தை சொன்னதாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடிச்சானா ஒன்னைய?" என்றார். கடையில் அடி வாங்கியதைப் பன்னிரண்டு வருஷமாக நான் சொல்லவே இல்லை, அது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

அந்த வரியை எடுக்கட்டுமா என்று கேட்டேன், இருக்கட்டும் என்றார். பதுளை அண்ணே, மூன்றாவது கண்ணியில் நான் ரயிலில் ஊருக்குத் திரும்புகிறேன், ஹட்டனில் இறங்குகிற இடம். ஆட்டத்து அடி அங்கே ஒட்டவில்லை. வேறு அடி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.