விபத்து நடந்த இடத்தில் நிற்பவர்களுக்குப் பயிற்சி: பொம்பாவோடு (தீயணைப்புத் துறையோடு) நிறுத்தினால் போதுமா?

பீடோர்க்காரன்:
தாமான் குடியிருப்பாளர் கூட்டத்துக்கு வராதவர்களுக்காக எழுதுகிறேன். சாலை விபத்து நடந்த இடத்தில் வேலை செய்பவர்கள் பின்னால் வரும் வண்டியில் அடிபடாமல் இருக்க ஒரு பயிற்சி வேண்டும், அதைப் பொம்பா, போலிஸ், ஆம்புலன்ஸ்காரர்களோடு நிறுத்தாமல் தன்னார்வத் தீயணைப்புப் படை, ரேலா (மக்கள் தொண்டர் படை), இழுவை லோரிக்காரர்கள், தோட்டத்து ஜாகா (காவலாளி) வரைக்கும் கொடுக்க வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினருக்கு மனு எழுதலாமா என்பதுதான் பேச்சு. பெரிய சண்டையாகிப் போய்விட்டது. நான் வேண்டும் என்கிற கட்சி. பிளஸ் கட்டண நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் ரோந்து வண்டி வந்து பின்னால் எச்சரிக்கைக் கூம்பு வைத்து மறைத்து நிற்கும். தெலுக் இந்தான் போகும் சாலையில் செம்பனை லோரி கவிழ்ந்தால் யார் வருகிறார்கள்? 999 அழைத்துப் பொம்பா வந்து சேரும் வரை பக்கத்துத் தோட்டத்து ஆட்கள்தான் இருட்டில் கைலியோடு நடுச்சாலையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா?

லோரி மணியம்:
வேண்டாம் என்று கூட்டத்திலேயே சொன்னவன் நான், இங்கேயும் சொல்கிறேன். அரை நாள் உட்கார வைத்து ஒரு சட்டையை மாட்டி அனுப்பினால் அந்த ஜாகாவுக்குத் தைரியம் வந்துவிடும், இதுவரை ஓரமாக நின்றவன் நடுவில் போய்க் கை காட்டுவான். அடிபட்டால் யார் பொறுப்பு? உன்னை யார் போகச் சொன்னது என்றுதான் மேனேஜர் கேட்பார். விளக்கே இல்லாத சாலையில் விளக்கு போடு, வேகத்தைப் பிடி, அதை முதலில் கேளுங்கள். குடித்துவிட்டோ தூங்கிக்கொண்டோ வருபவனுக்குப் பயிற்சி இல்லை, நிற்பவனுக்குப் பயிற்சியா?

தன்னார்வலன்:
மணியம் அண்ணே, விளக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிள் ஒன்று லோரியின் பின்னால் மோதிக் கிடந்தது. உதவிக்கு வந்த தம்பி ஒரே ஒரு கூம்பை எடுத்துவந்து லோரிக்குப் பின்னால் பத்தே காலடி தள்ளி வைத்தான், அப்புறம் சாலைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, சங்கிலியில் மாட்டிய ஓட்டியவரின் காலை எடுக்கப் பார்த்தான். நல்ல மனசு, ஆனால் அந்தக் கூம்பு யாரையும் காப்பாற்றாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் ஓடும். ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்தால் அதற்குள்ளேயே 37 மீட்டர் போய்விடும், வண்டி நிற்கத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். செம்பனைக் குலை ஏற்றிய லோரி, ஈரச் சாலை என்றால் சொல்லவே வேண்டாம். எச்சரிக்கை நூறு மீட்டருக்கு மேல் பின்னால் இருக்க வேண்டும், வளைவாக இருந்தால் வளைவுக்கு முன்னாலேயே. பயிற்சியில் முதலில் வருவதே இதுதான். அப்புறம் பெரிய வண்டியைச் சாய்வாக நிறுத்தி ஆட்களை மறைப்பது, மோதினாலும் வண்டி ஆள் மேல் உருண்டு வராதபடி முன்சக்கரத்தை வெளிப்பக்கம் திருப்பி வைப்பது, எதிரில் வருபவன் கண் கூசாமல் முன்விளக்கை அணைப்பது, முதுகைக் காட்டாமல் நிற்பது. இதைக் கற்றவன் நடுவில் போய் நிற்க மாட்டான் அண்ணே, சீக்கிரம் ஓரத்துக்கு வருவான்.

நர்ஸ் அக்கா:
தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பகலில் மின்னும் மஞ்சள் சட்டை இரவில் அவ்வளவாக உதவாது, விளக்கொளியைத் திருப்பி அடிக்கும் பட்டை இருந்தால்தான் தூரத்திலிருந்து தெரியும். இது தெரியாமல் கடையில் மலிவான மஞ்சள் சட்டை வாங்கி மாட்டிக்கொண்டு பாதுகாப்பு என்று நம்புகிறார்கள். காயம்பட்டவரை ஏற்றும்போது ஆம்புலன்ஸ் பின்கதவு வாகனங்கள் வரும் பக்கம் திறந்தால் எங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போலிஸ் ஒரு பக்கம் நிறுத்தச் சொல்வார், பொம்பா இன்னொரு பக்கம் சொல்வார். எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து கற்றால் அந்த இடத்தில் வாக்குவாதம் இருக்காது.

அமெரிக்காவில் 2012 முதல் இப்படித்தான் நாடு முழுக்க நடத்துகிறார்கள். போலிஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், இழுவை வண்டி, சாலைத் துறை எல்லாரையும் சேர்த்து உட்கார வைக்கிறார்கள், நான்கு மணி நேர வகுப்பும் உண்டு. நான்கு மணி நேரம் நம் கோயில் மண்டபத்தில் ஓர் ஞாயிற்றுக்கிழமை காலையில் முடியாதா?

லோரி மணியம்:
அமெரிக்காவை இழுத்தீர்கள், சரி, முழுதாகச் சொல்லுங்கள். நிற்கும் அவசர வண்டியைப் பார்த்தால் தடம் மாற வேண்டும், முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அங்கே 50 மாநிலத்திலும் சட்டம் இருக்கிறது. பயிற்சியும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது, அப்படியும் இழுவை வண்டிக்காரர்களும் தீயணைப்பு வீரர்களும் அங்கே ஆண்டுதோறும் அடிபட்டுச் சாகிறார்கள். ஓட்டுபவனைத் திருத்தாமல் இதெல்லாம் எத்தனை தூரம் போகும்?

பீடோர்க்காரன்:
அண்ணே, அந்தச் சட்டம் பற்றி நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தான் பலம். சட்டம் இருந்தும் ஓட்டுபவன் கேட்கவில்லை என்றால், நிற்பவன் தன்னைத் தானே காத்துக்கொள்ளத்தானே வேண்டும்? ஜே.கே.ஆர். (பொதுப்பணித் துறை) விளக்கு போடும் நாள் வரைக்கும் ஜாகா சும்மா நிற்கட்டும் என்று உங்களால் சொல்ல முடியுமா? அவன் எப்படியும் ஓடிப் போவான். நம் ஊர் ஆள் கண்ணெதிரே ஒருவன் ரத்தத்தில் கிடக்கும்போது கேட்டுக்குள் நிற்க மாட்டான், அது நம் பழக்கம். போகப் போகிறவனிடம் எப்படிப் போவது என்று சொல்லாமல் விடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

லோரி மணியம்:
ஜாகா விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், அவன் போவான். அப்படியானால் சொல்லிக் கொடுப்பதோடு விடாதீர்கள். தோட்டத்துக் கேட்டில் ஆறு கூம்பு, இரண்டு மின்னும் விளக்கு, பட்டை போட்ட சட்டை, இவை நிர்வாகம் வாங்கி வைக்க வேண்டும் என்று மனுவில் முதல் வரியிலேயே போடுங்கள். கருவி இல்லாமல் பயிற்சி கொடுத்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இழுவை லோரிக்காரர்களைப் பற்றி நீங்கள் நினைப்பது நடக்காது. யார் முதலில் போய்க் கொக்கி மாட்டுகிறானோ அவனுக்குத்தான் வேலை, அதனால்தான் போலிஸ் வருவதற்கு முன்னாலேயே எதிர்த்திசையில்கூட ஓட்டி வருகிறார்கள். அரை நாள் வருமானத்தை விட்டுவிட்டு எவன் மண்டபத்தில் உட்காருவான்?

தன்னார்வலன்:
சான்றிதழ் உள்ள லோரியைத்தான் அழைப்போம் என்று காப்புறுதி நிறுவனங்களும் வொர்க்ஷாப்காரர்களும் சொன்னால் உட்காருவார்கள். அதையும் மனுவில் சேர்க்கலாம்.

லோரி மணியம்:
சேருங்கள். அவர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கூம்பு, விளக்கு வரியை மட்டும் மறக்காதீர்கள், வரைவை இங்கேயே போடுங்கள், படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.