வீட்டில் கட்டும் சிஎன்சி ரூட்டர்: 24, 36, 48 வோல்ட்டில் எது? கன்ட்ரோலர் எது?

கணபதி பேட்டர்ன் பட்டறை:

வணக்கமுங்க. கோவை கணபதியில் எங்களுக்கு மர பேட்டர்ன் பட்டறை. ஃபவுண்டரிகளுக்கு பம்ப் பாடி, இம்பெல்லர் பேட்டர்ன், அதாவது மணலில் வார்ப்பு அச்சு எடுக்கும் மர மாதிரி, செய்கிறோம். அப்பா இன்னும் உளியும் உப்புத்தாளுமாகத்தான் வேலை பார்க்கிறார். நான் ஒரு சிஎன்சி ரூட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்படி மரத்தைச் செதுக்கும் மெஷின், கட்டிக்கொண்டிருக்கிறேன். படுக்கை 600க்கு 900 மில்லிமீட்டர். மூன்று அச்சிலும் 1605 பால் ஸ்க்ரூ (சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகு), ஒய் அச்சில் மட்டும் இரண்டு மோட்டார். ஆக நேமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டார் (ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுற்றும் மோட்டார்) நான்கு. மோட்டார் தாளில் 2.8 ஆம்பியர், 3.6 மில்லிஹென்றி, 3.2 வோல்ட் என்று இருக்கிறது.

நண்பர் ஒருவர் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் டிபி 6600 டிரைவர் நான்கும், 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஒன்றும் கொடுத்தார். மாட்டிப் பார்த்தேன். நிமிடத்துக்கு 1000 மில்லிமீட்டரில் நன்றாக ஓடுகிறது. 3000 கொடுத்தால் "ஙொய்" என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. கடைக்காரர் 48 வோல்ட் வாங்கச் சொல்கிறார். 3.2 வோல்ட் மோட்டாருக்கு 48 கொடுத்தால் எரியாதா? எஸ்எம்பிஎஸ் வேண்டாம், டிரான்ஸ்பார்மர் சுற்றிக்கொள் என்கிறார் இன்னொருவர். டிரைவருக்குக் கட்டளை கொடுக்கும் கன்ட்ரோலருக்கு ஆர்டுயினோ போர்டு போதுமா, இல்லை பேரலல் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டரில் மாக் 3 சாஃப்ட்வேர் போடலாமா? கட்டரைச் சுற்றும் ஸ்பிண்டில் 1.5 கிலோவாட், அதன் வேகத்தை மாற்றும் விஎஃப்டியோடு. பக்கத்து ஷெட்டில் வெல்டிங் வேறு நடக்கும், அதன் மின் இரைச்சல் தொந்தரவு செய்யுமோ என்று பயம்.

சோமனூர் வைண்டிங்:

தம்பி, அந்த 3.2 வோல்ட்டை மறந்துவிடுங்கள். அது காயிலின் ரெசிஸ்டன்ஸை 2.8 ஆம்பியரால் பெருக்கி வந்த கணக்கு, அவ்வளவுதான். தோட்டத்தில் தண்ணீர் கட்டியிருந்தால் சுலபமாகப் புரியும். மேட்டிலிருந்து விட்டால் பாத்தி சீக்கிரம் நிறையும். நிறைந்ததும் மடையை அடைத்துவிடுவோம் அல்லவா? அந்த வேலையை டிரைவர் செய்கிறது. வோல்டேஜ்தான் மேடு. 2.8 ஆம்பியர் ஏறியதும் டிரைவர் வெட்டிவிடும், அதனால் மோட்டார் எரியாது.

3000இல் ஏன் நிற்கிறது என்று பாருங்கள். 5 மில்லிமீட்டர் பிட்ச் என்பதால் 600 ஆர்பிஎம். சுற்றுக்கு 200 ஸ்டெப், நொடிக்கு 2000 ஸ்டெப், ஒரு ஸ்டெப்புக்கு அரை மில்லிசெகண்ட். 24 வோல்ட்டில் உங்கள் காயிலில் கரண்ட் ஏறவே சுமார் 0.42 மில்லிசெகண்ட் ஆகும். அப்புறம் இழுக்க நேரம் எங்கே? 36 வோல்ட்டில் அது 0.28.

இன்டக்டன்ஸின் (உங்கள் தாளில் உள்ள 3.6 மில்லிஹென்றி) வர்க்கமூலத்தை 32ஆல் பெருக்கினால் மோட்டார் தாங்கும் உச்சம் வரும் என்று ஒரு கணக்கு உண்டு. உங்களுக்கு 60 வோல்ட். ஆனால் மோட்டார் தாங்குகிறதே என்று வாங்கக்கூடாது, டிரைவர் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள். டிபி 6600க்கு 42தான் எல்லை. டிஎம் 542 என்ற இன்னொரு டிரைவருக்கு 50. மோட்டார் சட்டென்று நிற்கும்போது ஜெனரேட்டராகி வோல்டேஜைத் திருப்பித் தள்ளும், அதற்கும் இடம் விட வேண்டும். ஆகவே 48 வேண்டாம். டிஎம் 542 நான்கு, 36 வோல்ட். நான்கு மோட்டாருக்கும் சேர்த்து 11.2 ஆம்பியர், அதில் மூன்றில் இரண்டு பங்கு போதும். 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் தாராளம்.

டிரான்ஸ்பார்மர் சுற்றிப் பிழைக்கிறவன் நானே எஸ்எம்பிஎஸ் வாங்கச் சொல்கிறேன் என்று பார்க்காதீர்கள். என் சொந்த மெஷினுக்கு 36 வோல்ட் ஏசி சுற்றி, அதை டிசி ஆக்க பிரிட்ஜ், கெபாசிட்டர் போட்டேன். 1.414ஆல் பெருக்கி, டையோடுக்கு 1.4 கழித்தால் 49.5. ஐம்பதுக்குள்தானே என்று தைரியமாக ஓட்டினேன், மூன்று மாதம் ஓடவும் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரில் தறி எதுவும் ஓடவில்லை. லோடு இல்லாததால் லைனில் 230க்குப் பதில் 250 நின்றது. அன்றைக்கு அந்த 49.5 என்பது 54. சுவிட்ச் போட்டதும் இரண்டு டிரைவர் போச்சு, மூன்றாவது மறுநாள். டிரான்ஸ்பார்மர்தான் வேண்டும் என்றால் 28 வோல்ட் ஏசிக்கு மேல் சுற்றாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் வந்ததும் பக்கவாட்டுத் துளையில் உள்ள சிவப்பு சுவிட்சைப் பாருங்கள். 115இல் இருந்தால் 230க்குத் தள்ளிவிட்டு அப்புறம் கரண்ட் கொடுங்கள். டிரைவரில் கரண்ட் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

பள்ளிபாளையம் ரூட்டர்:

வோல்டேஜ் விஷயத்தில் அண்ணன் சொன்னதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை. கன்ட்ரோலர் பற்றிச் சொல்கிறேன். மாக் 3இன் பேரலல் போர்ட் டிரைவர் (இது சாஃப்ட்வேர்) 64 பிட் விண்டோஸில் ஓடாது. பழைய 32 பிட் கம்ப்யூட்டர் செத்துவிட்டால் மெஷினும் நிற்கும். ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஜிஆர்பிஎல் என்ற சாஃப்ட்வேர் போதும். அது நொடிக்கு சுமார் 30,000 பல்ஸ் கொடுக்கும். டிரைவரில் எட்டு மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரிப்பது) வைத்தால் மில்லிமீட்டருக்கு 320 பல்ஸ், நீங்கள் கேட்கும் 3000க்கு நொடிக்கு 16,000தான் ஆகிறது. ஒய்யின் இரண்டு டிரைவருக்கும் ஒரே சிக்னலைக் கொடுங்கள். ஒரு மோட்டார் எதிர்த்திசையில் சுற்ற வேண்டியிருந்தால் அதில் ஒரு காயிலின் இரண்டு வயரை மட்டும் மாற்றிப் போடுங்கள்.

உங்களை அழவைக்கப் போவது வெல்டிங் இல்லை, உங்கள் விஎஃப்டிதான். எனக்குப் பாதி வேலையில் "அலாரம் 1" வந்து நிற்கும். அச்சின் எல்லையில் உள்ள லிமிட் சுவிட்ச் தட்டுப்பட்டதாக அர்த்தம், ஆனால் தட்டுப்பட்டிருக்காது. மூன்று யுஎஸ்பி கேபிள் மாற்றினேன். கடைசியில் பார்த்தால் லிமிட் சுவிட்ச் வயரையும் ஸ்பிண்டில் வயரையும் ஒரே டேக் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறேன், நானேதான். பிரித்து வைத்தேன். ஸ்பிண்டிலுக்கு ஷீல்டு கேபிள் போட்டு விஎஃப்டி பக்கம் எர்த் செய்தேன். சுவிட்சுகளை நார்மலி குளோஸ்டு (எப்போதும் மூடியிருந்து, தட்டினால் திறப்பது) ஆக்கினேன். போர்டில் 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் வைத்தேன். அலாரம் போய்விட்டது.

இன்னொன்று. வார்ப்பிரும்புச் சுருக்கத்துக்கு 1 சதவீதம் சேர்ப்பீர்கள்தானே? அதற்காக ஜிஆர்பிஎல்லில் மில்லிமீட்டருக்கு 320 பல்ஸ் என்பதை 323 ஆக்கிவிடாதீர்கள். டிராயிங்கிலேயே பெரிதாக்குங்கள். இல்லாவிட்டால் ஜிக் வெட்டும்போது அதுவும் பெரிதாகும்.

கணபதி பேட்டர்ன் பட்டறை:

மூன்று வாரம் ஆயிற்று, மன்னிக்கணும். டிஎம் 542, 36 வோல்ட் எஸ்எம்பிஎஸ், ஊனோ எல்லாம் மாட்டியாயிற்று. சிவப்பு சுவிட்ச் 115இல்தான் இருந்தது அண்ணா, உங்களுக்குக் கோயில் கட்டலாம். 3000இல் கத்தாமல் ஓடுகிறது, பக்கத்தில் வெல்டிங் அடிக்கும்போதும்கூட.

முதல் பேட்டர்னை அப்பாவிடம் கொடுத்தேன். சுருக்கம் சேர்த்துக் கோடு போட்ட தன் ஸ்கேலை எடுத்து நான்கு பக்கமும் வைத்துப் பார்த்தார். அளவில் குறை சொல்லவில்லை. அப்புறம் பக்கச் சுவரை விரலால் தடவி, "இதுக்குச் சாய்வு எங்கடா? இழுக்கும்போது மணலையும் சேர்த்துல்ல இழுத்துட்டு வரும்" என்றார். ஒன்றரை டிகிரி டேப்பர் கட்டர், நீளம் 60 மில்லிமீட்டராவது வேண்டும். யாராவது எம்டிஎஃப் பலகையில் ஓட்டியிருக்கிறீர்களா?