புதுப்பிப்பு: மதுரை டு ராமேஸ்வரம், ஒரே நாள்ல
லாட்ஜ்ல பழக்கமான பேக்பேக்கர் பசங்களோட ராமேஸ்வரம் ஒரே நாள்ல போயிட்டு வர முடியுமான்னு முன்னாடி ஒரு பதிவுல கேட்டிருந்தேன். தாராளமா முடியுது. விடியுறதுக்கு முன்னாடியே மாட்டுத்தாவணில பஸ் ஏறிடணும், அவ்வளவுதான்.

கோயிலை முதல்ல முடிங்கன்னு அந்தப் பதிவுக்குப் பதில்ல ஒரு அண்ணன் சொல்லியிருந்தாரு. நாங்க வெயிலுக்குப் பயந்து நேரா தனுஷ்கோடி போயிட்டோம். 1964 புயல்ல சிதைஞ்ச சர்ச் சுவரைத் தொட்டுப் பாருங்க, பவளக்கல்லு, பூரா ஓட்டை ஓட்டையா சொரசொரன்னு இருக்கு. பக்கத்துக் கொட்டகைல மசாலா தடவின மீனைக் கண்ணு முன்னாடியே பொரிச்சுத் தர்றாங்க. விலையை மட்டும் முதல்லயே பேசிக்கங்க.

பாம்பன்ல 1914 ரயில் பாலம், 2025ல திறந்த புதுசு, ரெண்டையும் பஸ்ல இருந்தே பாத்தாச்சு. கப்பல் வந்தா பழசு ரெண்டா விரிஞ்சுட்டு இருந்துச்சு, புதுசுல நடுத்துண்டு அப்படியே மேல ஏறும். ஏறுறதைப் பாக்கக் குடுத்து வைக்கல.

கோயில்ல 22 தீர்த்தம் ஆடுறவங்க மாத்துத்துணி எடுத்துக்கங்க. தனுஷ்கோடி தாண்டி ரோடு முடியுற அரிச்சல்முனையை சாயங்காலத்துக்கு மேல வச்சுக்காதீங்க, உள்ள விடமாட்டாங்க.