ஜெட் பம்பைக் கழற்றி புரொப்பெல்லர் மாட்டினேன்: என்ஜின் அலறுகிறது, படகு போக மாட்டேன் என்கிறது

கிரியான் தூண்டில்:
வணக்கம், மலேசியாவின் நிபோங் திபாலிலிருந்து எழுதுகிறேன். என்னுடையது 14 அடி அலுமினியப் படகு. போன மாதம் செகண்ட் ஹேண்டில் 40 குதிரைசக்தி அவுட்போர்டு (படகின் பின்பக்கம் மாட்டும் என்ஜின்) ஒன்று வாங்கினேன், அடியில் புரொப்பெல்லருக்குப் பதில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சும் ஜெட் பம்ப் மாட்டியது. முன்பு வைத்திருந்தவர் உலு பேராக் பக்கம் பாறை ஆறுகளில் ஓட்டியவர். நம் சுங்கை கிரியானில் அது சரிப்படவில்லை. நீப்பா பனை மட்டையும் பிளாஸ்டிக் பையும் உறிஞ்சு வாயில் அப்பிக்கொள்கின்றன. அவர் பெட்டியில் போட்டுக் கொடுத்த பழைய கியர் காலை (கியரும் புரொப்பெல்லரும் உள்ள அடிப்பகுதி) எடுத்து நானே மாட்டினேன்.

மெதுவாகப் போனால் பிரச்சினை இல்லை. கொஞ்சம் முறுக்கினால் என்ஜின் மட்டும் அலறுகிறது, படகு முன்னேறுவதில்லை. வளைவில் இன்னும் மோசம். ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம். நேற்று சூடு எச்சரிக்கையும் அடித்தது. ஃபோர்மேன் (மெக்கானிக்) ஒருவர் பார்த்துவிட்டு கியர்பாக்ஸ் போச்சு என்றார். அவர் கேட்கும் விலைக்கு இன்னொரு என்ஜினே வாங்கிவிடலாம்.

பாகான் தம்பி:
கிப்பாஸ் (புரொப்பெல்லர்) நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறதோ? குடத்திலிருந்து (புரொப்பெல்லரின் நடு உருளை) புஷ் வரை மார்க்கரில் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு விலகினால் புஷ்தான்.

கிரியான் தூண்டில்:
போட்டுப் பார்த்தேன் தம்பி. கோடு நேராகவே இருக்கிறது.

பழைய ஜெட்டி:
கியர்பாக்ஸுக்குக் காசு கொடுக்காதீர்கள், பொறுங்கள். புரொப்பெல்லருக்கு மேலே படுக்கையாக ஒரு தகடு இருக்கும். அது படகின் அடிமட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? நேர்க்கட்டை ஒன்றை அடியில் வைத்து அளந்து சொல்லுங்கள்.

கிரியான் தூண்டில்:
6 அங்குலம் மேலே இருக்கிறது அண்ணே. அவர் கொடுத்த ஜாக் பிளேட்டோடுதான் (என்ஜினை ஏற்றி இறக்கும் தாங்கி) மாட்டியிருக்கிறேன்.

பழைய ஜெட்டி:
அதுதான் விஷயம். ஜெட்டின் உறிஞ்சு வாய் படகின் அடியோடு ஒட்டினாற்போல் நிற்க வேண்டும். அதற்காக அவர் என்ஜினையே தூக்கி வைத்திருக்கிறார். கியர் காலுக்கு அந்தத் தகடுதான் அடிமட்டத்தில், அல்லது ஒரு அங்குலம் கீழே வர வேண்டும். உங்கள் புரொப்பெல்லர் மேலேயிருந்து காற்றை இழுத்து வெறுமனே சுற்றுகிறது. குளிர்விக்கும் தண்ணீர் போகும் துளைகளும் அந்தத் தகட்டுக்குக் கீழேதான். அவையும் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டதால்தான் சூடு.

ஜாக் பிளேட்டை இறக்குங்கள். போதாவிட்டால் கழற்றிவிட்டு என்ஜினை நேராக மாட்டுங்கள். சூடேறிய பிறகு தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கையை நம்பாதீர்கள், புதிது போட்டுவிடுங்கள். கியர் எண்ணெயையும் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் மாதிரி இருந்தால் சீல் கசிகிறது.

ரிவர்ஸ் கரகரப்பு தனி விஷயம். ஜெட்டில் கியரே கிடையாது, உள்ளே தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் எப்போதும் சுற்றும். பீச்சும் வாயை மூடும் கதவுதான் ரிவர்ஸ், அது பாதியில் நின்றால் நியூட்ரல். உங்கள் கியர் லிங்க் கம்பி அந்தக் கதவுக்காகச் சரிசெய்ததாக இருக்கும். கம்பியின் நீளத்தை மறுபடி வைக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, நியூட்ரலில் புரொப்பெல்லரைக் கையால் சுற்றுங்கள். இரு பக்கமும் தடையில்லாமல் சுற்ற வேண்டும். அதுவரை ரிவர்ஸ் போடாதீர்கள். கியர் பல் முனை மழுங்கினால் அப்புறம் ஃபோர்மேன் சொன்னதே நடந்துவிடும்.

பாகான் தம்பி:
அண்ணே, 40 குதிரைசக்தி முழுசா கிடைக்குமா இப்போ?

பழைய ஜெட்டி:
ஜெட்டில் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும், 28 மாதிரிதான் உணர்ந்திருப்பார். இப்போது முழுசாகத் தள்ளும். படகு எவ்வளவு குதிரைசக்தி தாங்கும் என்று எழுதிய தகட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரியான் தூண்டில்:
பிளேட்டைக் கழற்றிவிட்டேன். நேற்று நீர் ஏறும் நேரத்தில் ஓட்டினேன், முறுக்கினால் பாய்கிறது. பின்னால் குளிர்விக்கும் தண்ணீரும் நன்றாகப் பீச்சுகிறது. ரப்பர் இறக்கையில் மூன்று கிழிந்திருந்தன, மாற்றியாயிற்று. கம்பியை ஒரு சுற்று திருப்பினேன், ரிவர்ஸ் இப்போது அமைதியாக விழுகிறது. எண்ணெய் தெளிவாக இருக்கிறது. ரொம்ப நன்றி அண்ணே. அந்த ஜெட்டை விற்றுவிடலாமா?

பழைய ஜெட்டி:
அதன் டிரைவ் ஷாஃப்ட் (என்ஜின் சுழற்சியைக் கீழே கொண்டுபோகும் தண்டு) வேறு, கியர் காலுடையது வேறு. ஜெட்டின் ஷாஃப்டையும் இம்பெல்லர் சாவியையும் ஷிம்களையும் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய வளையங்கள்) ஒரே பையில் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் வாங்க ஆள் வராது. பேரிங்குக்குப் புது கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடித்துவிடுங்கள்.

கிரியான் தூண்டில்:
ஷிம் ஏழுதான் இருக்கிறது. எட்டு இருக்க வேண்டுமோ?

பழைய ஜெட்டி:
அந்தப் பழைய பெட்டியின் அடியில் தேடிப் பாருங்கள்.